நீமியா திருத்திய கடிகாரம்

நீமியாவிடம் போனை நீட்டுகிற ஒவ்வொருவரும் முதலில் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "நான் ஒண்ணுமே பண்ணல தாயி, அதுவா இப்படி ஆயிடுச்சு." தண்ணீர்க் குடத்துக்குள் விழுந்த போன் அதுவாகவே விழுந்திருக்கும். மாட்டுவண்டிச் சக்கரம் ஏறிய போனும் அதுவாகவே போய்ச் சக்கரத்தின் கீழே படுத்துக்கொண்டிருக்கும். நீமியா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி ஆளை ஒருமுறை பார்ப்பாள், பிறகு திருப்புளியை எடுப்பாள்.

பராகுவே நாட்டின் வியாரிக்கா நகரச் சந்தையில் உள்ளாடைக் கடைக்கும் செருப்பு தைக்கும் கிரெசென்சியோவின் பெட்டிக்கடைக்கும் நடுவில் இருக்கிறது அவளுடைய கடை. கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. ஒரு மேஜை, இரண்டு பழைய கணினிகள், ஆணியில் தொங்கும் சார்ஜர் கொத்து, பக்கத்தில் தெரெரே என்கிற மூலிகைப் பானம் பனிக்கட்டியோடு நிறைந்த குடுவை, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் முடித்ததும் ஓர் இன்டர்நெட் சென்டரில் தரை பெருக்கப் போனவள் அவள். வாடிக்கையாளர்கள் எதை எப்படிக் கெடுக்கிறார்கள் என்று பின்னால் நின்று பார்த்தே பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டாள். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு அந்த சென்டரை மூடிவிட்டார்கள். மீதித் தொழிலை, ஊர்ந்து வரும் இணைப்பில் நின்று நின்று ஓடிய வீடியோக்கள் கற்றுக்கொடுத்தன. ரோலாந்தோவைக் கல்யாணம் செய்தாள். அவன் பக்கத்து நாடான அர்ஜென்டினாவில், புவெனஸ் அயர்ஸில் கொத்து வேலை பார்க்கிறான், கிறிஸ்துமஸுக்கு வருவான். மிச்ச நாளெல்லாம் வீட்டில் இவளும் மாமியாரும்தான்.

அவளுடைய வயிற்றெரிச்சலுக்கு ஊரே தினமும் எண்ணெய் ஊற்றியது. நனைந்த போனை அரிசிக்குள் புதைத்து வை என்று எவனோ வீடியோவில் சொல்லியிருக்கிறான். பராகுவே வீட்டில் அரிசியைவிட மரவள்ளி மாவுதானே எப்போதும் இருக்கும்? அதற்குள் புதைத்து வைத்துவிட்டு, மறுநாள் சார்ஜர் துளையெல்லாம் பசை காய்ந்து கல்லான போனோடு வந்து நிற்பார்கள். "மாவும் அரிசி மாதிரி வெள்ளையாத்தானே இருக்கு?" என்று வேறு கேட்பார்கள். பேக்கரிக்காரிக்கு இணையத்தில் ஒரு பக்கம் கட்டிக் கொடுத்தாள். பேக்கரிக்காரி அந்த ஊர் வழக்கப்படி ஆயிரத்துக்குப் பிறகு காற்புள்ளிக்குப் பதில் புள்ளி வைத்து விலையை எழுதினாள். நிரல் அந்தப் புள்ளியைத் தசமமாக எடுத்துக்கொண்டு, கேக்கை ஒரு மிட்டாய் விலைக்குக் கூவி விற்றது. திருத்தினாள். "மாறவே இல்லையே" என்று பேக்கரிக்காரி வந்து நின்றாள். போன் பழைய பக்கத்தை வயிற்றில் அடக்கி வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது என்பதை அவளுக்கு விளக்குவதற்குள் நீமியாவுக்கு நாக்கு வறண்டுவிட்டது. "அப்ப என் போன் பொய் சொல்லுதா?" என்றாள் பேக்கரிக்காரி. ஆமாம், பொய்தான் சொல்கிறது என்று ஒப்புக்கொண்டு அன்றைக்குத் தப்பித்தாள்.

இத்தனைக்கும் மேலே மாமியார். ஊருக்கு அவள் ஞா பிளாசிதா. வயசான பெண்களை ஞா போட்டுத்தான் அழைக்கவேண்டும், போடாவிட்டால் பிளாசிதா திரும்பியே பார்க்கமாட்டாள். பள்ளிச் சீருடை தைப்பது அவள் தொழில். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும், வலது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கண் தெரியவில்லை என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. ஊசியையும் நூலையும் நீமியாவின் முகத்துக்கு நேரே நீட்டி, "இப்பல்லாம் ஊசிக்கு ஓட்டையே ஒழுங்கா போடறதில்ல" என்பாள். சட்டையில் கைப்பகுதியைத் தலைகீழாகத் தைத்துவிட்டு, துணிக்கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டுவாள். அந்த வருஷம் பள்ளி திறக்கிற பிப்ரவரியில் மூன்று தாய்மார்கள் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தையல் மெஷின் மேல் துணி மூடியே கிடந்தது. பிளாசிதா அதன் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

வருஷத்துக்கு ஒருமுறை, மார்ச் கடைசியில், தலைநகரத்திலிருந்து கண் மருத்துவர் குழு ஒன்று ரயிலடிச் சுகாதார நிலையத்துக்கு வரும். ஒரே நாள் தங்கி, கொண்டுவந்த லென்ஸ் தீரும்வரை ஆபரேஷன் செய்துவிட்டுக் கிளம்பிவிடும். போன வருஷம் விடிகாலையிலிருந்து கேட்டில் தள்ளுமுள்ளு, ஒருத்தர் கையை ஒடித்துக்கொண்டார். அதனால் இந்த வருஷம் ஆளுக்கொரு நேரம் கொடுப்பதற்கு ஒரு பக்கம் கட்டித்தரச் சொல்லி நர்ஸ் எஸ்தெலா நீமியாவைக் கேட்டாள். எஸ்தெலா பெயரையும் நேரத்தையும் தட்டுவாள், முந்தின நாள் சாயங்காலம் அந்த இணையப் பக்கமே தானாக எல்லார் போனுக்கும் தகவல் அனுப்பும், தொட்டால் நேரம் தெரியும். நீமியா காசு வாங்கவில்லை. அந்த நன்றிக்கு எஸ்தெலா முதல் இடத்தையே ஞா பிளாசிதாவுக்குப் போட்டுக் கொடுத்தாள்.

இந்த இடத்தில்தான் அரசாங்கம் கடிகாரத்தில் கை வைத்தது. அதுவரை ஒவ்வொரு மார்ச்சிலும் நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும், அக்டோபரில் முன்னுக்குத் தள்ளும். இனிமேல் இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம், கோடைக்கால நேரமே வருஷம் முழுக்க இருக்கட்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். மனிதர்களுக்குச் சட்டம் தெரிந்தது. பழைய போன்களுக்கு யார் சொல்வது? ஆபரேஷனுக்கு முந்தின நாள், மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் வியாரிக்காவில் பாதி போன்கள் பழைய வழக்கப்படி தாமாகவே ஒரு மணி நேரம் பின்னுக்குப் போய் நின்றன. பூசைக்குப் போனவர்கள் பாதிரியார் ஆசீர்வாதம் கொடுத்து அனுப்புகிற நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள். அங்கிருந்து நேராக நீமியாவின் கடைக்கு வந்தார்கள்.

"நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா..."

"தெரியும்" என்றாள் நீமியா. வாழ்க்கையில் முதல்முறையாக அது உண்மையாகவும் இருந்தது.

அதற்குள் முக்கால்வாசிப் பேர் தாங்களே வைத்தியம் பார்த்துவிட்டிருந்தார்கள். நேரம் குறைந்திருக்கிறதா, கையாலேயே ஒரு மணி நேரம் கூட்டிவிடு. அது தப்பு என்று தொண்டை கிழியக் கத்தினாள் நீமியா. போனுக்குள் நேரம் மட்டும் இல்லை, எந்த ஊர் என்பதும் இருக்கிறது, அந்த ஊர்க் கணக்குத்தான் கெட்டுப்போயிருக்கிறது, அதை விட்டுவிட்டு மணியை மட்டும் தள்ளினால் உள்ளே எல்லாம் ஒரு மணி நேரம் பிசகும், வங்கிக் குறியீடு வேலை செய்யாது, எல்லாச் சந்திப்பும் இடம் மாறித் தெரியும். சரியான வழி ஊரை மாற்றுவது. புவெனஸ் அயர்ஸ் என்று வைத்தால் போதும், அங்கே இதே நேரம்தான், அவர்கள் கடிகாரத்தைத் தொடுவதே கிடையாது.

செருப்புக்கார கிரெசென்சியோ இதைக் கேட்டதும் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"என் போன்ல அர்ஜென்டினாவா?"

"பேருதான் ஐயா அர்ஜென்டினா. மணி நம்ம மணிதான்."

"என் பாட்டனுக்குப் பாட்டன் அந்தக் காலத்து யுத்தத்துல அவங்களோட சண்டை போட்டுச் செத்தவரு. நான் அவங்க கடிகாரத்தைப் பார்த்து எந்திரிக்கணுமா? செருப்பு தைக்கிறவன்னா மானம் ரோஷம் இருக்காதா?"

"மானத்துக்கும் மணிக்கும் என்னய்யா சம்பந்தம்? நாளைக்கு உங்களுக்கும் கண்ணு ஆபரேஷன் இருக்கு. நேரம் தப்பாத் தெரியும்."

"தெரியட்டும். வியாரிக்காக்காரன் எல்லாத்தையும் தலைகீழாத்தான் செய்வான்னு தலைநகரத்துல சொல்றாங்கல்ல? சொல்லிட்டுப் போகட்டும்." அவர் விரலை எச்சில் தொட்டு, போனில் ஒரு மணி நேரத்தைக் கூட்டினார். கூட்டிவிட்டு வெற்றியோடு நீமியாவின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அன்று முழுக்க இதே கதை. ஒருத்தி கணவனுக்குத் தெரியாமல் மாற்றச் சொன்னாள். ஒருவர் ஊர்ப்பெயரைத் திரையில் தெரியாதபடி ஒளித்துவைக்க முடியுமா என்று கேட்டார். கடைசியில் ஐந்தாறு பேர்தான் நீமியா சொன்னதைக் கேட்டார்கள். எல்லாரும் மறுநாள் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள். வேறு வழியில்லாமல் கேட்டார்கள். மண்டை காய்ந்து, சாயங்காலம் வீடு திரும்பினால் அங்கே மாமியார் போனைப் பாவாடைப் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"தொடாதே. கிரெசென்சியோ வந்து சொல்லிட்டுப் போனான். ஒரு மணி கூட்டினா முடிஞ்சுதாம்."

"அத்தை, அந்தாளு செருப்பு தைக்கிறவரு. நான் இதுலயே பொழைக்கிறவ."

"அவன் தச்ச செருப்பு பதினாலு வருஷமா என் கால்ல கிடக்கு. நீ ரிப்பேர் பண்ண என் ரேடியோ பேசறப்போ மாடு மாதிரி கத்துது."

"அந்த ரேடியோவை ரிப்பேர் பண்ண முடியாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன். போனைக் குடுங்க."

"என் போன்ல அர்ஜென்டினாவைப் போடுவியாமே."

"உங்க பையன் அங்கதான் சோறு திங்கிறான். அவன் அனுப்புற காசு மட்டும் இனிக்குதாக்கும்?"

பிளாசிதா வாயை மென்றுகொண்டே போனை மேஜைமேல் வீசினாள். நீமியா ஊரை மாற்றினாள், ஒருமுறை அணைத்துப் போட்டாள், மணி சரியாக இருந்ததைப் பார்த்துத் திருப்திப்பட்டாள். அதே நேரம் சுகாதார நிலையத் தகவல் வந்து விழுந்தது. தானே கட்டிய பக்கம் தானே நினைத்தபடி வந்து சேர்ந்ததில் அவளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட எழுந்தது. தொட்டுப் பார்த்துச் சொன்னாள்.

"எட்டு மணிக்கு அத்தை."

"எட்டா? சந்தையில பார்த்தப்போ எஸ்தெலா ஏழுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சே."

"எப்ப சொன்னாங்க?"

"போன வாரம்."

"போன வாரம் சொன்னதுக்கப்புறம் எத்தனையோ மாத்தியிருப்பாங்க. இங்க தெளிவா எட்டுன்னு இருக்கு. நான் கட்டின பக்கம் அத்தை, அது தப்புச் சொல்லாது."

பிளாசிதாவால் திரையைப் பார்த்துச் சரிபார்க்க முடியாது. போனை வாங்கி மூக்குவரை கொண்டுபோனாள், பார்ப்பதுபோலத் தலையாட்டினாள், "எட்டுன்னுதான் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் நடந்தே போனார்கள். பிளாசிதா ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்துகிற நீலச் சட்டையைப் போட்டிருந்தாள். வழியெல்லாம் ஒரே பேச்சு. ஆபரேஷன் ஆனதும் முதலில் அந்தத் துணிக்கடைக்காரன் முகத்தை நன்றாகப் பார்க்கவேண்டும், அவன் திருடன் என்பது முகத்திலேயே எழுதியிருக்கும் என்றாள். பிறகு ஜூன் மாதச் சீருடைக்கு வெள்ளைத் துணி இப்போதே வாங்கிப் போட்டால் மலிவு என்றாள். பிறகு, கொஞ்ச தூரம் நடந்தபின், ரோலாந்தோவுக்குத் தலை நரைத்துவிட்டதா என்று கேட்டாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவனிடமே அதைக் கேட்கவில்லை.

சுகாதார நிலையத்தின் கேட்டை அடைந்தபோது எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. நர்ஸ் எஸ்தெலா கம்பிக்கு அந்தப்பக்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போயிட்டீங்க ரெண்டு பேரும்? ஏழு மணியிலிருந்து மூணு தடவை பேரு கூப்பிட்டேன். உனக்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேஞ்சுபோச்சு."

சந்தை இரைச்சலுக்குப் பயந்து நீமியா எப்போதுமே போனை ஊமையாக்கித்தான் பையில் வைத்திருப்பாள். எடுத்துப் பார்த்தாள். எஸ்தெலாவின் பெயர் வரிசையாக நின்றது.

"எட்டுதானே? எட்டுன்னுதானே வந்துச்சு, இங்க பாருங்க."

"நான் ஏழுன்னுதாம்மா தட்டினேன். முதல் ஆளை எட்டுக்கா போடுவேன்?"

கம்பிக்கு உள்ளே ஒரு பெஞ்சில் கண்ணில் சொட்டு மருந்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கிரெசென்சியோ, தலையை அண்ணாந்தபடி.

"நீமியா குரல் மாதிரி இருக்கே? நான் ஏழேகாலுக்குக் கரெக்டா வந்துட்டேன் பொண்ணே! நான் சொன்னேன்ல?"

"ஐயா, உங்க போனைக் குடுங்க."

கம்பி வழியே வாங்கினாள். அவருடைய தகவலைத் திறந்தாள். ஏழேகால் என்றே இருந்தது. எஸ்தெலா தட்டியதும் ஏழேகால். மாமியாரின் போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. எங்கோ தூர தேசத்தில் அவள் வாடகைக்கு வைத்திருக்கிற கணினியில்தானே அவளுடைய பக்கம் ஓடுகிறது! அந்தக் கணினிக்கும் புதுச் சட்டம் தெரியாது. பராகுவே வழக்கம்போலக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்றே நம்பி, எல்லா நேரத்தையும் ஒரு மணி பிசகாக எழுதி வைத்திருக்கிறது. ஊரை மாற்றாமல் மணியை மட்டும் கையால் தள்ளிய போனுக்குள்ளும் அதே பழைய கணக்குத்தான் இருந்தது, இரண்டு பிசகும் சேர்ந்து நேராகிவிட்டது. கிரெசென்சியோ போன்றவர்கள் சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் கையால் ஒழுங்காகத் திருத்தப்பட்ட போன் மட்டும் ஒரு மணி நேரம் பிந்திச் சொல்லியிருக்கிறது. ஊரிலுள்ள அத்தனை போனையும் சோதித்தவள் தன் கணினியைச் சோதிக்கவில்லை. அவளுக்கு அந்தக் கேட்டிலேயே தலையை முட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

"எஸ்தெலாக்கா, இப்ப உள்ள விடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"லென்ஸ் எண்ணித்தான் கொண்டுவந்திருக்காங்க நீமி. உங்க இடத்துக்கு, நேரம் கிடைக்காம வாசல்ல காத்திருந்த ஒரு ஆளை உள்ள அனுப்பியாச்சு. அவருக்கு மருந்து போட்டு மேஜையில படுக்க வெச்சாச்சு. இறங்குன்னு சொல்ல முடியுமா?"

"டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

டாக்டர் வாசல்வரை வந்தார். இளைஞர், முகமூடிக்கு மேலே தூக்கம் தொலைந்த கண்கள். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். அடுத்த வருஷம் முதல் பெயராக எழுதிக்கொள்கிறேன் அம்மா என்றார். எழுதியும் கொண்டார். அடுத்த மார்ச்சில் வலது கண்ணில் என்ன மிச்சம் இருக்கும் என்று நீமியா கேட்டாள். அவர் எஸ்தெலாவைப் பார்த்தார்.

மற்ற ஐந்தாறு பேர்! நீமியா வெயிலில் நின்றபடியே ஒவ்வொருவராக அழைத்தாள். "போன்ல காட்டுற நேரத்தை நம்பாதீங்க, இப்பவே கிளம்புங்க. ஆமா, நான் வெச்சதுதான். ஆமா, நான்தான் சொன்னேன். திட்டறதை வந்து திட்டுங்க, முதல்ல கிளம்புங்க." ஒரு ரிட்டயர்டு டீச்சர் நம்பவே இல்லை. நீதானே திரையை நம்பச் சொன்னாய் என்று வாதாடினாள். அவளைக் கிளப்புவதற்குள் நீமியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருவழியாக எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். டீச்சர் பஸ்ஸில்கூட இல்லை, பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தாள். யாருக்கும் இடம் போகவில்லை. முதல் இடம் ஒன்றுதான் போயிருந்தது.

அவ்வளவு நேரமும் ஞா பிளாசிதா சும்மா இருக்கவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். மூன்று தடவைதான் கூப்பிடுவாயா, நாலாவது தடவை கூப்பிட்டால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா என்று எஸ்தெலாவைக் கேட்டாள். லென்ஸை எண்ணிக் கொண்டுவருகிற டாக்டர் எதற்கு டாக்டர் என்றாள். சூரியன் உதிக்கிற நேரத்துக்குச் சட்டம் போடுகிற அரசாங்கத்தை அதன் பெற்றோர் வரைக்கும் போய் விசாரித்தாள். தன் இடத்துக்கு உள்ளே போன முகம் தெரியாத ஆளுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்து, தெரிகிறதெல்லாம் அசிங்கமாகத் தெரியட்டும் என்று வாழ்த்தினாள். பெஞ்சிலிருந்த கிரெசென்சியோ சிரிப்பை அடக்கமுடியாமல் மருந்தெல்லாம் கன்னத்தில் வழிய, அவருக்கும் ஒரு வசவு விழுந்தது.

நீமியா தன் முறைக்காகக் காத்திருந்தாள். எல்லாருக்கும் விழுந்தது, தனக்கு மட்டும் விழவில்லை. ஒன்பது வருஷ மருமகள் அவள். உப்பு குறைந்தாலும் மழை பெய்தாலும் முதல் வசவு அவளுக்குத்தான் வரும். இன்றைக்கு வந்தால் தேவலை என்றிருந்தது. வந்தால் வாங்கிக்கொண்டு கொஞ்சம் நிம்மதியாக அழலாம். வசவெல்லாம் தீர்ந்து, மாமியார் மூச்சு வாங்கியபடி கேட்டில் சாய்ந்து நின்றாள். நீமியா பக்கத்தில் போனாள்.

"அத்தை, என் தப்பு. போன் தப்பில்ல, அரசாங்கம் தப்பில்ல. நான் கட்டினதுல நான் பார்க்காம விட்டது. நீங்க ஏழுன்னு சொன்னீங்க. நான் கேக்கல."

"தெரியும்."

"அப்ப ஏன் என்னைத் திட்டல?"

பிளாசிதா கம்பியை விட்டுவிட்டுத் திரும்பினாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. தெரு முழுக்க மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினாள். கொஞ்சம் தள்ளித்தான் திருப்பினாள். நீமியா நின்றது அங்கே இல்லை.

"உன்னைத் திட்டி, நீயும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீன்னா, யாருடி என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது? எனக்கு இந்தத் தெருவே தெரியல."

நீமியா போய் அவள் கையைப் பிடித்தாள். படி இருக்கிறது என்று சொன்னாள், அடுத்த படியையும் சொன்னாள். இரண்டு பேரும் மெதுவாகத் தெருவில் இறங்கினார்கள்.